சமாதானத்துக்கும் சம்மதம் வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாடுகளுக்கிடையே போரும் சமாதானமும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் எமக்கு இது பாரமான பொருளே. தலைப்பைக் கேட்டவுடன், "பீரங்கியும் அணுகுண்டும் பெரிய வல்லரசுகளின் விஷயம். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலை பறித்து, இறப்பர்ப் பால் வெட்டிச் சீவிக்கும் நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று உங்களுள் சிலர் நினைத்திருக்கலாம். அந்த நினைப்புக்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நம் தோட்டங்களுக்கு அயல் நாட்டுப் படை எதுவும் வந்ததில்லை. ஆனால் இரண்டு நாடுகள் ஒரு குண்டும் சுடாமல், சிரித்த முகத்தோடு கைகுலுக்கிச் செய்துகொண்ட சமாதானம் ஒன்று, ஒவ்வொரு லயத்தின் கதவையும் தட்டியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் திகதி புதுடில்லியில் கைச்சாத்திடப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தையே குறிப்பிடுகின்றோம். போரைப்பற்றி ஆராயப் பிற தேசங்களின் சரித்திரத்தைப் புரட்ட வேண்டியிருக்கலாம். சமாதானத்தை ஆராய நம் தாத்தா பாட்டிமாரின் தகரப் பெட்டியில் கிடக்கும் கடதாசிகளே போதும்.

முதலில் அறிஞர் கூறியதைச் சிறிது பார்ப்போம். நம் முன்னோர் போரை மறுத்தே வாழ்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. வள்ளுவர் பொருட்பாலில் படையைப் பற்றிப் பாடினார்; தூதுக்கும் தனி அதிகாரம் வகுத்தார். படை வைத்திருப்பவனே தூதும் அனுப்ப வேண்டும் என்பது அவர் கண்ட அரசியல். மகாபாரதத்தில் கண்ணபிரான் தூது சென்ற கதையை நாம் அனைவரும் கோவில் திண்ணையிலே கேட்டிருக்கிறோம். பாதி இராச்சியம் இல்லையேல் ஐந்து ஊராவது கொடு என்றான் கண்ணன். ஊசி முனையளவு நிலமும் கொடேன் என்றான் துரியோதனன். தூது முறிந்தது, போர் மூண்டது.

இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் நாம் துரியோதனனைப் பழிக்கின்றோம். அது நியாயமே. ஆயினும் ஒரு கேள்வியை எவரும் கேட்பதில்லை. துரியோதனன் மனமிரங்கி அந்த ஐந்து ஊர்களையும் கொடுத்திருந்தால், அவ்வூர்க் குடிகளை யார் கேட்டிருப்பர்? அரசர் இருவர் சமாதானமாகிவிட்டால் குடிகளுக்கும் அதுவே சமாதானம் என்று கொண்டது பழைய உலகம். புதிய உலகம் அப்படிக் கொள்ளலாகாது.

1795ஆம் ஆண்டிலே இம்மானுவேல் காண்ட் என்னும் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் நிலையான சமாதானம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் சொன்ன இரண்டு கருத்துக்கள் நமக்கு வேண்டியவை. ஒன்று, ஒரு தேசத்தைச் சொத்தைப்போல விற்கவோ, மாற்றிக்கொள்ளவோ, சீதனமாகக் கொடுக்கவோ கூடாது என்பது. ஏனெனில் தேசம் என்பது மண்ணன்று. அது மனிதர் சேர்ந்த சமூகம். மற்றொன்று, யுத்தம் தொடங்குவதற்குக் குடிகளின் சம்மதம் வேண்டும் என்பது. யுத்தத்தின் சுமை குடிகளின் தோளில் விழுவதால், அவர்களைக் கேட்டால் அவர்கள் இலேசில் உடன்படார் என்று அவர் கணக்கிட்டார்.

காண்ட் யுத்தத்துக்குச் சம்மதம் கேட்டார். சமாதானத்துக்கும் சம்மதம் கேட்கவேண்டும் என்பது நம் வாதம். யுத்தத்தின் சுமையைப் போலவே, சில சமயங்களில் சமாதானத்தின் சுமையும் ஏழைகளின் தோளிலேதான் விழுகின்றது.

இனி நம் கதைக்கு வருவோம். பிரித்தானியர் காலத்தில் கோப்பி, தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே, சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இங்கு பிறந்ததற்கோ, தந்தை வழிப் பாட்டனும் பாட்டனின் தந்தையும் இங்கு பிறந்ததற்கோ அத்தாட்சி கேட்ட சட்டம் அது. லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருந்தது? 1949ஆம் ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. அதே ஆண்டில் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்னும் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரஜாவுரிமை கேட்டு மனுச் செய்தனர். ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அது கிடைத்தது. எஞ்சியோர் இந்தியாவுக்கும் அன்னியர், இலங்கைக்கும் அன்னியர். அவர்களுக்கு "நாடற்றவர்" என்று பெயராயிற்று.

நம் சப்ரகமுவ இதன் முன்னோட்டத்தைச் சட்டம் வருமுன்னரே கண்டிருந்தது. 1946ஆம் ஆண்டில் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை, உருளவள்ளி என்று நம்மவர் வழங்கிய தோட்டத்தை, கிராம விஸ்தரிப்புக்கென அரசு எடுத்துக்கொண்டது. அங்கே வேலை செய்த தொழிலாளர் வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர், அயல் தோட்டத்தார் வேலைநிறுத்தம் செய்து தோள்கொடுத்தனர். ஒருபுறம் நிலமில்லாச் சிங்களக் குடியானவன். மறுபுறம் போக்கிடமில்லாத் தமிழ்த் தொழிலாளி. இருவரையும் ஏழையாக்கிய தோட்ட முறை நடுவிலே நின்றது. பின்னாளில் இரு நாடுகளுக்கிடையே வளர்ந்த பிணக்கின் கரு அந்தத் தோட்டத்திலேயே காணக்கிடந்தது.

அந்தப் பிணக்கைத் தீர்க்க இரு நாட்டுத் தலைவர்களும் பலமுறை கூடினர். 1954 ஜனவரியில் நேரு-கொத்தலாவலை ஒப்பந்தம் ஆயிற்று. அது பலன் தரவில்லை. பத்தாண்டு கழித்துச் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் அமர்ந்தனர். அம்மையார் உலகின் முதற் பெண் பிரதமர், இரத்தினபுரியிலே பிறந்தவர். 1962ஆம் ஆண்டில் இந்தியாவும் சீனாவும் போரிட்டபோது, அணிசேரா நாடுகள் ஆறினைக் கொழும்பில் கூட்டிச் சமரசத்துக்கு வழி தேடியவரும் அவரே. சாஸ்திரியார் சாந்த குணத்தவர். 1966 ஜனவரியில் தாஷ்கந்தில் பாகிஸ்தானுடன் சமாதான உடன்படிக்கை செய்துவிட்டு அங்கேயே உயிர்நீத்தவர். சமாதானத்தில் உண்மையான பற்றுக்கொண்ட இருவர் செய்த ஒப்பந்தம் இது என்பதை மறத்தலாகாது. கெட்டவர்கள் செய்த தீமையென்று ஒதுக்கிவிட்டால் இதிலிருந்து நாம் படிக்க ஒன்றும் இராது.

ஒப்பந்தம் கூறியது யாது? நாடற்றவர் தொகை 9,75,000. அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. காலம் பதினைந்து ஆண்டு. இந்தியாவுக்கு ஏழு பேர் என்றால் இங்கு நால்வர் என்பது விகிதம். இடையில் பிறக்கும் குழந்தைகளும் அந்தந்தக் கணக்கிலே சேர்ந்துகொள்வர். மிகுதியான 1,50,000 பேரையும் 1974ஆம் ஆண்டில் அம்மையாரும் இந்திரா காந்தி அம்மையாரும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர்.

இந்தப் பாதிக் கணக்கைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கடையிலே அரிசி பங்கிடும்போது சரிபாதி நியாயமானது. மனிதரைப் பங்கிடும்போது அது நியாயத்தின் தோற்றம் மட்டுமே. எவர் எங்கு வாழ விரும்புகிறார் என்று கேட்டு, விடைகளை எண்ணி, அதன்பின் எண் குறித்திருந்தால் அது வேறு. இங்கே எண் முதலில் வந்தது. மனு பின்னர் வந்தது. விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இந்தியாவுக்கென்று குறித்த எண்ணிக்கையிலும் குறைவானவர்களே இந்தியப் பிரஜாவுரிமை கேட்டனர். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டோரோ குறித்த எண்ணிக்கையின் இரு மடங்களவினர். மக்கள் தம் விருப்பத்தைத் தெளிவாகவே சொன்னார்கள். எண் அதற்காக மாறவில்லை.

மாறாத எண்ணை நிரப்பக் காலம் துணைசெய்தது. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாயின. உணவுப் பஞ்சம் வந்தது. பட்டினியால் தோட்டங்களில் மரணம் மலிந்தது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் கலவரம் நம் பகுதியைச் சுட்டது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலே லயங்கள் எரிந்தன. இங்கேயே இருப்போம் என்றிருந்தவரும் பெட்டியைக் கட்டினர். தலைமன்னாருக்குச் சென்ற ரயிலுக்கு மலையகத்தார் "அழுகைக் கோச்சி" என்று பெயரிட்டனர். ஒரே குடும்பத்தில் தகப்பன் இந்தியாவுக்கும் கட்டிக்கொடுத்த மகள் இலங்கைக்குமாகப் பிரிந்தனர். 1984ஆம் ஆண்டில் தலைமன்னார்-இராமேஸ்வரக் கப்பற் போக்குவரத்து நிற்கும்வரை இப்பயணம் நடந்தது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர்.

சென்றவர் எங்கே போயினர்? நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களுக்கு. கேரளத்துப் புனலூர், கர்நாடகத்துச் சுள்ளியா ஆகிய இடங்களின் இறப்பர்த் தோட்டங்களுக்கு. இன்னும் பலர் அறிமுகமில்லாத ஊர்களுக்கு. இங்கே "கள்ளத்தோணி" என்று ஏசப்பட்டவர் அங்கே "சிலோன்காரர்" ஆனார். கடல் கடந்தும் தொழில் மாறவில்லை. அன்னியர் என்ற பெயரும் மாறவில்லை.

நியாயம் பேசுவோர் மறுபக்கத்தையும் பேசவேண்டும். ஒப்பந்தத்துக்குச் சார்பாகச் சொல்லத்தக்கவை மூன்று உண்டு. ஒன்று, 1948 தொடக்கம் எவருக்கும் சொந்தமின்றிக் கிடந்த மக்களுக்கு, ஏதோ ஒரு நாட்டின் பெயரை அது வாக்களித்தது. இரண்டு, இரு நாடுகளுக்கும் இடையே புகைந்துகொண்டிருந்த பிணக்கு பெரும் பகையாக மூளாமல் தடுத்தது. 1962இல் சீனாவோடு போரிட்ட இந்தியா, தெற்கே ஒரு நட்பு நாட்டை விரும்பியது இயல்பே. மூன்று, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு கூட்டத்தாரையும் கேட்டுத்தான் ஒப்பந்தம் செய்வதென்றால் எந்த ஒப்பந்தமும் முடியாது என்பார் இராஜதந்திரிகள்.

முதலிரண்டையும் நாம் ஏற்கின்றோம். மூன்றாவதை ஏற்பதற்கில்லை. கேட்பது வேறு, தடுக்கும் அதிகாரம் கொடுப்பது வேறு. உலக சரித்திரத்திலிருந்து இரண்டு உதாரணங்களை எடுத்து இதை விளக்குவோம்.

முதலாவது, கேளாமற் செய்த சமாதானம். கிரேக்கரும் துருக்கியரும் போரிட்டு ஓய்ந்தபின், 1923 ஜனவரி 30ஆந் திகதி லோசான் நகரில் ஜனப் பரிமாற்ற ஒப்பந்தம் ஒன்று செய்தனர். ஏறத்தாழ 16 இலட்சம் பேர் அதில் அடங்கினர். பிரித்ததற்கு அளவுகோல் மதம். துருக்கி மொழியையே பேசிய கிறிஸ்தவர்கள் கிரீசுக்கும், கிரேக்க மொழியையே பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். இரு அரசுகளும் திருப்தியடைந்தன. போனவர்களோ, போன இடத்தில் அன்னியராகவே நெடுங்காலம் வாழ்ந்தனர். நம் கூடலூர்க் கதையும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் அன்றோ?

இரண்டாவது, ஓரளவேனும் கேட்டுச் செய்த சமாதானம். பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே ஓலந்து என்னும் தீவுக்கூட்டம் உண்டு. அங்குள்ளோர் பேசுவது சுவீடிஷ் மொழி. அவர்கள் சுவீடனோடு சேரவே விரும்பி மனுக்கொடுத்தனர். வழக்கு சர்வதேச சங்கத்துக்குச் சென்றது. 1921ஆம் ஆண்டில் தீவுகள் பின்லாந்துக்கே உரியன என்று சங்கம் தீர்ப்பளித்தது. தீவினர் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய அச்சம் இன்னதென்று கேட்டறிந்த தீர்ப்பு அது. அவர்கள் மொழிக்கும், நிலத்துக்கும், சுயாட்சிக்கும் எழுத்திலே உத்தரவாதம் கொடுக்கப்பட்டது. தீவுகளில் படை வைக்கலாகாது என்றும் நாடுகள் உடன்பட்டன. நூறு ஆண்டு கடந்தும் அந்த ஏற்பாடு நிலைத்து நிற்கின்றது. எவரையும் கப்பலேற்றவில்லை.

இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மூன்று விதிகள் புலப்படுகின்றன. மேசையில் பங்கிடப்படுபவருக்கு அந்த மேசையில் ஓர் இருக்கை வேண்டும். முடிவு அவர் சொற்படியே ஆகவேண்டும் என்பதில்லை, அவர் சொல் காதில் விழவேண்டும். எண்ணைக் குறிக்குமுன் விருப்பத்தைக் கேட்கவேண்டும். இருப்பவருக்கும் போகிறவருக்கும் மொழி, நிலம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு எழுத்திலே உத்தரவாதம் வேண்டும். இம்மூன்றும் இல்லாத சமாதானம் நாடுகளுக்கு நடுவில் இருக்கும் சண்டையை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து வைத்துவிடும். 1964ஆம் ஆண்டு இரு தலைநகரங்களும் நிம்மதியடைந்தன. 1981ஆம் ஆண்டு லயம் எரிந்தபோது, இவர்கள் போகவேண்டியவர்கள்தாமே என்ற எண்ணம் எரித்தவர் மனத்தில் இருந்தது. அந்த எண்ணத்துக்கு ஓர் அரச முத்திரையைக் கொடுத்தது எது என்பதை நாம் கூறத் தேவையில்லை.

இக்கதை அங்கேயே முடியவில்லை என்பது நமக்கு ஆறுதல். 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியாரும் பிரஜைகளாகலாம் என்றது அச்சட்டம். ஒப்பந்தத்தின் திகதியே உரிமையின் திகதியாயிற்று! அவ்வாண்டு இறுதியில் ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனத்தின் உதவியோடு நடந்த பத்து நாள் இயக்கத்தில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றனர். நாற்பது ஆண்டுகளாக இரு அரசாங்கங்கள் செய்ய முடியாததை, கேட்டவர்க்குக் கொடுப்பது என்ற எளிய நெறி பத்து நாளில் செய்து முடித்தது. ஆனாலும் தமிழ்நாட்டு முகாம்களில் நம் வம்சத்தார் பலர் இன்னும் நாடற்றவராகவே இருக்கின்றனர். அவர்களை மறந்துவிட்டு நாம் மட்டும் விழாக் கொண்டாடுதல் தகாது.

வாலிப அன்பர்களே! மிசன் பாடசாலையிலே படித்த நாம் காலைச் செபத்தில் "சமாதானம்" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தோம். மாலையில் மாரியம்மன் கோவிலிலே "சாந்தி" என்று மும்முறை சொல்லக் கேட்டோம். மும்முறை சொல்வது ஏனென்று கேட்டால், தன்னால் வரும் துன்பமும், பிற உயிர்களால் வரும் துன்பமும், தெய்வத்தால் வரும் துன்பமும் நீங்குவதற்கு என்பர் பெரியோர். அரசுகள் செய்யும் ஒப்பந்தம் பிறரால் வரும் துன்பத்தையே கருதுகின்றது. தன்னால் வருவதை நாமே தீர்க்கவேண்டும்.

அதற்கு நாம் செய்யக்கூடியவை எளியவை. நம் தோட்டத்தில் பிறப்புப் பதிவோ, அடையாள அட்டையோ இல்லாத ஒருவரேனும் இருந்தால், அவரைக் கூட்டிக்கொண்டு கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் போவோம். 1948இல் நம்மவரை வீழ்த்தியது பகைமை மட்டுமன்று. கையில் கடதாசி இல்லாமையும் கூட. சிங்களத்தைப் பிழையறப் பேசவும் எழுதவும் கற்போம். தோட்டத்துப் பெரியவர்கள் அயலிலுள்ள சிங்களக் கிராமத்தை "நாடு" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். நாட்டுக்குப் போய் வருகிறேன் என்றால் கிராமத்துக்குப் போய் வருகிறேன் என்பது பொருள். அப்படியானால் நாடுகளுக்கிடையே சமாதானம் என்பது நம் வேலிக்கு அப்பாலேயே தொடங்குகின்றது. அந்த வேலியின் இருபுறத்தாரும் ஒருவரையொருவர் கேட்டு நடந்தால், எங்கோ ஒரு மேசையில் நம்மை எண்ணிப் பங்கிடும் துணிவு இனி எவருக்கும் வாராது.

நாளை உங்களுள் ஒருவர் பாராளுமன்றத்திலோ, அரச அலுவலகத்திலோ, அயல்நாட்டுத் தூதரகத்திலோ அமரக்கூடும். அன்று உங்கள் முன்னால் ஓர் ஒப்பந்தம் வரலாம். அதில் மனிதரைக் குறிக்கும் எண் ஒன்று இருந்தால், பேனாவை எடுக்குமுன், "இவர்களைக் கேட்டீர்களா?" என்று ஒரு சொல் கேளுங்கள். சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளைக்கு அதைக் கேட்கும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.